இறக்கத்தில் லான்ட்மாஸ்ரரும் பெட்டியும்

இரு சில்லு உழவு இயந்திரத்தை எமது கிராமங்களில் லான்ட்மாஸ்ரர் என்றே அழைக்கிறோம். அது ஓர் இங்கிலாந்துக் கம்பனியின் பெயர். குபோட்டாவும் சிபாங்கும் வந்த பின்பும் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. வயலில் அது உழும் கருவி. பின்னால் பெட்டியைக் கொழுவித் தெருவில் ஏற்றினால் அது வாகனம். வயலில் ஓட்டிப் பழகியவருக்குத் தெருவிலும் எல்லாம் தெரியும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். ஒரு விடயத்தில் இந்த எண்ணம் உயிருக்கே ஆபத்தானது.

கைபிடிகளின் கீழே இரு பக்கமும் உள்ள சிறிய லீவர்கள் திருப்புவதற்கானவை. இடது லீவரைப் பிடித்தால் இடது சில்லுக்கும் என்ஜினுக்கும் உள்ள தொடர்பு விடுபடும். வலது சில்லு மட்டும் உந்துவதால் இயந்திரம் இடப்பக்கம் திரும்பும். சமதரையிலும் ஏற்றத்திலும் இப்படித்தான் நடக்கும்.

இனி, நெல் மூட்டைகளுடன் குளக்கட்டிலிருந்து இறங்குவதாக வைத்துக்கொள்வோம். இப்போது இயந்திரம் பெட்டியை இழுக்கவில்லை. பெட்டிதான் இயந்திரத்தைத் தள்ளுகிறது. என்ஜின் இரு சில்லுகளையும் ஓடவிடாமல் தடுத்துக்கொண்டிருக்கிறது. இவ்வேளையில் இடது லீவரைப் பிடித்தால், தடை நீங்கிய இடது சில்லு வேகமாக உருளும். வலது சில்லு மெதுவாகவே போகும். ஆகவே இயந்திரம் வலப்பக்கம் திரும்பும்! சாரதி பதறி லீவரை இன்னும் இறுக்குவார். அது இன்னும் வலப்பக்கமே போகும். கட்டின் ஒரு பக்கம் குளம், மறுபக்கம் வாய்க்கால் என்றால் விளைவைச் சொல்லத் தேவையில்லை.

அனுபவமுள்ள சிலர் இறக்கத்தில் எதிர்ப்பக்க லீவரைப் பிடித்தே திருப்புவார்கள். இதை நாம் சிபாரிசு செய்யமாட்டோம். இறக்கம் முடிந்து தரை சமமாகும் இடத்தில், பிடித்த பிடியிலேயே திசை மறுபடி மாறிவிடும். இறக்கத்தில் லீவர்களைத் தொடாமல், கைபிடியைத் தள்ளித் திருப்புவதே நல்லது.

இறங்கத் தொடங்குமுன்பே சிறிய கியருக்கு மாற்றி, வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். நடு இறக்கத்தில் கியர் மாற்றவோ, பிரதான கிளச்சை விடுவிக்கவோ கூடாது. எண்ணெய் மிச்சம் என்று நியூற்றலில் உருளவிடும் பழக்கம் மிகவும் மோசமானது. காலடியில் உள்ள பிறேக் பெட்டியின் சில்லுகளைப் பிடிப்பது. பாரம் பின்னாலிருந்து தள்ளாமல் தடுப்பது அதுதான். வாய்க்காலைக் கடந்து வந்தால் பிறேக் நனைந்திருக்கும். தெருவில் ஏறியதும் இரண்டு மூன்று தடவை மெதுவாக அழுத்திப் பார்க்க வேண்டும்.

பாரத்தையும் கவனிக்க வேண்டும். 60 கிலோ மூட்டைகள் 20 ஏற்றினால் 1200 கிலோ. இழுக்கும் இயந்திரத்தின் எடையோ ஏறக்குறைய அரைத் தொன் அல்லது அதற்கும் குறைவு. மூட்டைகள் பெட்டியின் பின்பக்கம் கூடினால் கொழுவி மேலே எழும்பும். இயந்திரத்தின் ரயர்களுக்குத் தரையில் பிடிப்புக் குறையும். ஆகவே பாரம் பெட்டியின் அச்சுக்குச் சற்று முன்னால் இருக்கட்டும். கொழுவியின் ஆணிக்குப் பூட்டுக் கம்பி இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். வெறும் கம்பித் துண்டை வளைத்துச் செருகியிருப்பதையே பல இடங்களில் காண்கிறோம்.

அறுவடைக் காலத்தில் மூட்டைகளின் மேல் பிள்ளைகளை ஏற்றி வருவதும் எமது ஊர்களின் வழக்கம். குளக்கட்டில் ஏறுமுன் அவர்களை இறக்கிவிடுங்கள். கட்டைத் தாண்டும்வரை நடந்து வரட்டும், பெட்டிக்குப் பின்னால் அல்ல, நன்றாகத் தள்ளி ஒரு பக்கமாக.