தேவனின் உண்மையும் நம் தளர்ச்சியும்

இறைவனை நம்புதல் எளிது என்பர் பலர். இன்பம் வந்துற்ற காலத்து அஃது எளிதே. நோயும் இழப்பும் தொடர்ந்து நெருக்குங்கால், செய்த ஜெபங்களுக்கு மறுமொழி காணாது நாட்கள் கழியுங்கால், அந்நம்பிக்கை தளர்கின்றது. தளர்ந்தவன், 'என் விசுவாசம் பொய்யோ? தேவன் என்னைக் கைவிட்டனரோ?' என்று தன்னுள்ளே வினவுகின்றான். இவ்வினாவை யாமும் வினவியதுண்டு. சென்ற ஆண்டில் எம் தமக்கையார் நெடுநாள் நோயுற்றுக் கிடந்தபோது, ஆலயத்தில் யாவரும் முழந்தாட்படியிட, எம் நாவில் ஒரு சொல்லும் எழவில்லை. ஆதலின், தேவனின் உண்மை என்பது யாது, நம் தளர்ச்சியால் அது குன்றுமோ என்பதனை ஈண்டு ஒருவாறு ஆராயப் புகுகின்றாம்.

முதற்கண் சொல்லை நோக்குவோம். வாக்கு மாறாமையைக் குறிக்க நம் வேதாகமத் தமிழில் 'உண்மை' என்னுஞ் சொல் ஆளப்படுகின்றது. உள்ளதாந்தன்மையைக் குறிக்கும் இச்சொல், பொய்ம்மைக்கு மறுதலையாதலோடு நிலைத்திருத்தலையும் உணர்த்துவதாம். எபிரெய மூலத்தில் இதற்கு நேரான சொல் 'எமூனா' என்பது. உறுதி, நிலைபேறு, அசையாமை என்பன அதன் பொருள்கள். ஜெபமுடிவில் நாம் கூறும் 'ஆமென்' என்பதும் அவ்வேரினின்று கிளைத்ததே.

யாத்திராகமம் 17-ஆம் அதிகாரத்தில் இச்சொல்லுக்கு அரியதோர் விளக்கம் உளது. அமலேக்கியரோடு போர் நிகழ்கையில் மோசே குன்றின்மேல் நின்று கைகளை உயர்த்தினர். கைகள் தளர்ந்தன. ஆரோனும் ஊரும் இருபுறமும் நின்று தாங்க, ஞாயிறு படுமளவும் அவை அசையாதிருந்தன. அவ்வசையாமையைக் குறிக்க மூலநூல் வழங்குஞ் சொல் எமூனா என்பதே. மோசேயின் கைகள் தம் வலியால் நிலைபெற்றனவல்ல; தாங்கப்பட்டமையால் நிலைபெற்றன. விசுவாசத்தின் இயல்பும் இஃதே. நாம் தேவனைப் பற்றியிருக்கும் பற்றினும், அவர் நம்மைப் பற்றியிருக்கும் பற்றே வலியது.

இனி, இவ்வுண்மையை வேதம் எவ்விடத்தில் அறிக்கையிடுகின்றது என்று காண்போம். அரண்மனையிலன்று, அழிந்த நகரத்தில். கி.மு. ஆறாம் நூற்றாண்டில் பாபிலோனியர் எருசலேமை இடித்துத் தேவாலயத்தைச் சுட்டெரித்த பின்னர் எழுந்தது புலம்பல் என்னும் நூல். அதன் முதல் நான்கு அதிகாரங்களும், நம் ஔவையாரின் ஆத்திசூடி அகரமுதலாகத் தொடுக்கப்பட்டமை போல, எபிரெய நெடுங்கணக்கின் 22 எழுத்துக்களையும் முறையே முதலாகக் கொண்டு அமைந்தவை. மூன்றாம் அதிகாரம் ஓர் எழுத்துக்கு மூன்றாக 66 வசனங்களை உடையது. அழுகைக்கும் எழுத்துமுறை வகுத்தான் புலவன். அவ்வதிகாரத்திலேதான், கர்த்தரின் இரக்கம் காலைதோறும் புதிதாகின்றது, அவருடைய உண்மை பெரிது என்னும் அறிக்கை அமைந்துள்ளது. அதன் பின்னும் அழுகை ஓயவில்லை. நூலின் இறுதியும் வினாப்போலவே நிற்கின்றது. கண்ணீரும் அறிக்கையும் ஒரு நூலுள் ஒருங்கே நிற்றற்கு வேதம் இடங்கொடுக்கின்றது. ஆதலின், அழுபவன் விசுவாசமற்றவன் என்று இகழ்தல் தகாது.

தமிழகத்துச் சான்றொன்று காண்போம். எச். ஏ. கிருஷ்ணபிள்ளை அவர்கள் 1827-ல் நெல்லை நாட்டுக் கரையிருப்பில் வைணவக் குடியிற் பிறந்தவர், சாயர்புரத்தில் தமிழாசிரியராயிருந்தவர், நெடிய உள்ளப் போராட்டத்தின் பின் 1858-ல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றவர். ஜான் பனியன் 1678-ல் வெளியிட்ட மோட்சப் பயணக் கதையைத் தழுவி அவர் இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் 1894-ல் வெளிவந்தது. பனியனின் கதையில் ஒரு காட்சி நினைக்கத்தக்கது. சுவரோரத்தில் ஒரு தீ எரிகின்றது. ஒருவன் இடைவிடாது நீரை வாரி இறைக்கின்றான். தீயோ மேன்மேலும் வளர்கின்றது. வியந்து நின்ற பயணியைச் சுவரின் மறுபுறம் அழைத்துச் சென்று காட்ட, ஆண்டு மற்றொருவர் மறைவாக எண்ணெய் வார்த்துக்கொண்டிருக்கின்றார். நீர் வார்ப்பவன் கண்ணுக்குத் தெரிகின்றான். எண்ணெய் வார்ப்பவரோ தெரிகின்றிலர்.

இக்காட்சியை உணர்தற்கு யாம் பிறந்து வளர்ந்த நெய்வேலி எமக்குத் துணையாயிற்று. அங்கே மணற்பாறையும் களிமண்ணும் மேலே கிடக்க, அவற்றின்கீழ்ப் பழுப்பு நிலக்கரி படிந்துளது. அதற்குங் கீழே ஊற்றுநீர் பேரழுத்தத்தோடு மேனோக்கி உந்தி நிற்கின்றது. அந்நீரை இறைத்து அழுத்தத்தைத் தணியாவிடின், சுரங்கத்தின் அடித்தளம் பிளந்து நீர் பொங்கிவிடும். ஆதலின், 1961-ல் நிலக்கரி வெளிப்பட்ட காலந்தொட்டு அல்லும் பகலும் நீர் இறைக்கப்பட்டு வருகின்றது. எம் தந்தையார் இப்பணியில் உள்ளவர். இரவுமுறை வரும் வாரங்களில், யாங்கள் உறங்கச் செல்லும் நேரத்தில் அவர் உணவுப் பாத்திரத்தோடு புறப்படுவார். வட்டங்களில் விளக்குகள் எரியும். பிள்ளைகள் பாடம் படிப்பர். இறைவைப் பொறிகளை நினைப்பார் ஒருவருமிலர். நினையாமையால் அவை நிற்பதுமில்லை. உறங்காது காக்கும் தேவனின் உண்மையும் நம் நினைவைச் சார்ந்ததன்று என்பதை யாம் இதனால் உணர்ந்தோம்.

ஈண்டு ஒரு தடை எழலாம். 'தேவன் தாங்குகின்றாராயின் துன்பம் ஏன்?' என்பர். இதற்கு முற்ற முடிந்த விடை எம்மிடம் இல்லை. வெள்ளம் வாராது என்று வேதம் யாண்டும் கூறவில்லை. வெள்ளத்தினூடே அவர் உடனிருப்பார் என்றே கூறுகின்றது. எம் ஊரிலும் நீர் ஒருநாளும் அற்றுப்போகவில்லை. நாள்தோறும் ஊறுகின்றது, நாள்தோறும் இறைக்கப்படுகின்றது. எம் தமக்கையார் இன்னும் முழுநலம் எய்தவில்லை. ஆயினும், யாம் பேசாதிருந்த அந்நாட்களில் எம் அன்னையார் வைகறையில் எழுந்து ஜெபித்தனர். சபையின் முதியோர் மாலைதோறும் வந்து எம்மோடு அமர்ந்தனர். எம் கைகள் தளர்ந்த காலத்து அவர்களே ஆரோனும் ஊரும் ஆயினர். சுவரின் மறுபுறத்தை அன்று ஒரு சிறிது கண்டோம்.

ஆகவே, ஐயமுற்ற நண்பர்காள், ஐயத்தை மறைத்து நடித்தல் வேண்டா. அவநம்பிக்கை நீங்க உதவும்படி கண்ணீரோடு வேண்டிய தந்தையை ஆண்டவர் தள்ளிவிடவில்லை. அவன் மகனைக் குணமாக்கினார். ஜெபிக்க இயலாத நாளில் ஜெபிப்போர் அருகே அமர்வோம்; இயலும் நாளில், இயலாதார் கையைத் தாங்குவோம். நம் பற்று தளரினும் தளராத கை ஒன்று உண்டு என்று தெளிந்து, அவ்வுறுதியின்மேல் நின்று 'ஆமென்' என்று சொல்லக் கற்போமாக.