ஏழு சந்துகள், ஏழு காவலர்கள்

அமெரிக்கக் கால்பந்தில், மலைபோன்ற தேகமுடைய வீரர்கள் எதிரே அணிவகுத்து நிற்கையிலும், பந்தை ஏந்தியவன் சில சமயம் எவரும் தீண்டாமல் அவர்களைக் கடந்து ஓடிவிடுவது ஏன் என்று வினவினால், காரணம் பெரும்பாலும் பலவீனமன்று. யாரோ ஒருவர் தாம் காக்க வேண்டிய இடைவெளியை, அதாவது தம் சந்தை, விட்டு நகர்ந்ததே.

தாக்கும் அணியின் முன்வரிசையில் நடுவே சென்டரும், இருபுறமும் கார்டுகளும், அவர்களுக்கப்பால் டேக்கிள்களும் நிற்க, ஒரு பக்கத்தில் டைட் எண்டும் சேர்ந்துகொண்டால், அந்த அறுவரின் நடுவிலும் இரு ஓரங்களிலுமாக ஏழு சந்துகள் உண்டாகின்றன. சென்டரை அடுத்தது ஏ. பிறகு வெளிநோக்கிப் பி, சி, டி. காக்கும் அணியின் முன்வரிசையர் நால்வரும் அவர்களுக்குப் பின்னே நிற்கும் லைன்பேக்கர் மூவரும் ஆளுக்கொன்றை ஏற்றால் கணக்கு நேராகிறது.

சிலருக்கு இரு சந்துகளைக் காக்கும் இரட்டைப் பொறுப்பு உண்டு. சென்டருக்கு நேரெதிரே நிற்கும் நோஸ் டேக்கிள், அவர் மார்பில் இரு கைகளையும் ஊன்றி, முழங்கை மடங்காமல் அவரை அப்படியே நிறுத்தி, பந்து செல்லும் திசையைக் கண்டபின் அப்பக்கம் பாய்கிறாரே, அந்தப் பொறுமை என்னை எப்போதும் வியக்கச் செய்கிறது.

சந்து தரையில் கீறிய கோடன்று. தாக்கும் அணியின் தடுப்பவர் நகர்ந்தால் அதுவும் நகரும். பின்னிருந்து ஃபுல்பேக் தடுப்பாளராக நுழைந்தாலோ எட்டாவது சந்து பிறக்கிறது. அதை அடைக்கவே காக்கும் அணியின் பின்வரிசையில் நிற்கும் சேஃப்டி முன்னே இறங்கி வருகிறார்.