தாத்தா காலத்து வெள்ளைக்காரன் துப்பாக்கியா? உஷார்... 5 மில்லிமீட்டரில் இருக்குது ஆபத்து!

விழுப்புரம்:

தாத்தா காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கி. கடையில் வாங்கிய புதுத் தோட்டா. குழலில் போட்டால் அழகாக உட்காருகிறது. ''அதான் சரியா இருக்குதே'' என்று நினைக்கத் தோன்றும். அங்கேதான் ஆபத்து. உள்ளே போகிற தோட்டா எல்லாம் அந்தத் துப்பாக்கிக்கு ஏற்ற தோட்டா கிடையாது. இது தெரியாமல் விசையை இழுத்தால், குழல் வெடித்து சுடுகிறவரின் கையும் கண்ணும் போகலாம்.

மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குகைக் கோவில் இருக்கும் மண்டகப்பட்டு, செஞ்சி, திண்டிவனம் என்று நம்ம பக்கம் மல்லாட்டை, கரும்பு போடும் ஊர்கள் அதிகம். பழைய துப்பாக்கியை லைசென்சோடு பரம்பரையாக வைத்திருக்கும் குடும்பங்களும் உண்டு. தேர்தல் வந்தால் போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். 2024-ல் நாடாளுமன்றத் தேர்தல், அடுத்து ஜூலை 10-ல் விக்கிரவாண்டி இடைத்தேர்தல் என்று அடுத்தடுத்து இரண்டு தேர்தல் நடந்தது. திரும்ப வாங்கி வந்ததும் எண்ணெய் போட்டு, புதுத் தோட்டா வாங்கும்போதுதான் கவனம் வேண்டும்.

எங்கிருந்து வந்தது?

வெள்ளைக்காரன் காலத்தில் சென்னை மவுண்ட் ரோட்டில் ஓக்ஸ் கம்பெனி, பி.ஆர் அண்ட் சன்ஸ் போன்ற கடைகளில் சீமைத் துப்பாக்கிகள் விற்றன. கிரீனர், வெப்ளி ஸ்காட் போன்ற பர்மிங்காம் கம்பெனிகளின் 12 போர் துப்பாக்கிகள் இந்தியா முழுக்க பரவின. அந்தக் காலத்து பிரிட்டிஷ் 12 போர் துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றுக்கு தோட்டா உட்காரும் அறையின் நீளம் இரண்டரை அங்குலம். அதாவது 65 மி.மீ. கணக்கு. இன்றைக்கு உலகம் முழுக்க சாதாரணமாக ஓடுவது 70 மி.மீ. தோட்டா.

வித்தியாசம் 5 மி.மீ.தானே என்று அலட்சியம் வேண்டாம்!

உள்ளே நடப்பது என்ன?

தோட்டாவின் நீளத்தை, சுட்ட பிறகு வாய் விரிந்த நிலையில்தான் அளக்கிறார்கள். சுடாத தோட்டாவின் வாய் உள்பக்கமாக மடிந்திருக்கும். அதனால் 70 மி.மீ. என்று எழுதிய தோட்டா, சுடுவதற்கு முன் சுமார் 58 மி.மீ.தான் இருக்கும். 65 மி.மீ. அறைக்குள் தாராளமாக நுழைந்துவிடும்.

சுட்டதும் மடிப்பு விரிகிறது. ஆனால் அறை முடிந்து குழல் குறுகத் தொடங்கும் இடம் அது. விரிய இடம் இல்லாமல் கூட்டின் வாய் அங்கே நெருக்கிக்கொண்டு நிற்கும். ரவையும் அடைப்பும் அந்தச் சந்துக்குள்ளே பிதுங்கிப் போக வேண்டும். அழுத்தம் எகிறும். போதாக்குறைக்கு 70 மி.மீ. தோட்டாக்களில் பல அதிக அழுத்தத்துக்கென்றே தயாரானவை. ஒரு தடவை தாங்கலாம், பத்து தடவை தாங்கலாம். குழல் மெலிந்த பழைய துப்பாக்கி எந்தத் தடவை கைவிடும் என்று சொல்ல முடியாது.

சுட்ட கூட்டின் வாய் நார் நாராகக் கிழிந்து வந்தால், தோட்டா நீளம் அதிகம் என்பதற்கு அது ஒரு அடையாளம். உடனே நிறுத்த வேண்டும்.

முத்திரையில் இருக்குது ஜாதகம்

பிரிட்டனில் துப்பாக்கிகளைச் சோதித்து முத்திரை குத்த இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று லண்டன். இன்னொன்று 1813-ல் வந்த பர்மிங்காம் சோதனைச் சாலை. தோட்டா இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, குழலைக் கழற்றித் திருப்பினால் அடிப்பக்கத்தில் அந்த முத்திரைகள் தெரியும்.

* 1925 விதிகளுக்குப் பிறகு வந்தவற்றில் அறையின் நீளமே பொறிக்கப்பட்டிருக்கும்.
* 1954 விதிகளுக்குப் பிறகு வந்தவற்றில் அழுத்தம் டன் கணக்கில் இருக்கும். இரண்டரை அங்குல 12 போருக்கு வழக்கமாக 3 டன்.
* 'நைட்ரோ' சோதனை முத்திரை இருந்தால்தான் அந்தக் குழல் புகையில்லா மருந்துக்குச் சோதிக்கப்பட்டது என்று அர்த்தம்.

அந்த முத்திரை இல்லாதது கருமருந்து காலத்துத் துப்பாக்கி. குழல் மேல் கோலம் போட்டது போல வரிவரியாக இருக்கும் 'டமாஸ்கஸ்' குழல்களில் நிறைய இந்த ரகம். இன்றைக்குக் கடையில் கிடைக்கும் தோட்டாவை அதில் போடவே கூடாது. முத்திரை இருந்தாலும் அது அன்றைய நிலைமைக்குத்தான் சாட்சி. துரு அரிப்பு, ஒடுக்கு, குழல் ஆட்டம் இருக்கிறதா என்று லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி மெக்கானிக் பார்த்தபிறகுதான் சுட வேண்டும்.

லேத் பட்டறைக்குக் கொண்டு போகலாமா?

''அறையை 5 மி.மீ. குடைஞ்சிட்டா போச்சு'' என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. குடைந்தால் நீளம் கிடைக்கும். ஆனால் அழுத்தம் அதிகமாக இருக்கும் இடத்திலேயே குழலின் சுவர் மெலிந்துவிடும். துப்பாக்கியின் பலம் கூடாது, குறையும். பிரிட்டனில் அப்படிக் குடைந்த துப்பாக்கியை மறுபடி சோதனைக்கு அனுப்பி முத்திரை வாங்காமல் விற்க முடியாது.

நம்ம ஊரில் சட்டம் இன்னும் கடுமை. 1959 ஆயுதச் சட்டம் 5-வது பிரிவின்படி, துப்பாக்கியை மாற்றி அமைக்கும், பழுது பார்க்கும் தொழிலுக்குத் தனி லைசென்ஸ் வேண்டும். இல்லாமல் செய்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 ஆண்டு சிறை, அதிகபட்சம் ஆயுள்!

செலவில்லாத வழி

துப்பாக்கியைத் தொட வேண்டாம், தோட்டாவை மாற்றினால் போதும். புனே அருகே கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலை 12 போர் தோட்டாவை 65 மி.மீ. அளவிலும் தயாரித்து வந்திருக்கிறது. கடையில் ''12 போர் கொடுங்க'' என்று மட்டும் கேட்காமல், ''65 மி.மீ. வேணும்'' என்று நீளத்தையும் சொல்லிக் கேளுங்கள். பெட்டியில் உள்ள எண்ணைப் படியுங்கள். 65 கிடைக்கவில்லை என்றால், 70-ஐ வாங்கி 'அட்ஜஸ்ட்' செய்ய வேண்டாம். வெறும் கையோடு திரும்புவதே மேல்.

20 போர் தோட்டாவையும் 12 போர் தோட்டாவையும் ஒரே பையில் போடாதீர்கள். 20 போர் தோட்டா 12 போர் குழலுக்குள் நழுவி நடுவில் சிக்கிக்கொள்ளும். அது தெரியாமல் பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் சிதறிவிடும்.

இன்னொரு விஷயம். மல்லாட்டைக் கொல்லையைக் காட்டுப்பன்றி கிளறுகிறது என்பதற்காக லைசென்ஸ் துப்பாக்கியைத் தூக்க முடியாது. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தபடி, காப்புக்காட்டில் இருந்து 3 கி.மீ.க்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுடும் அனுமதி வனத்துறைக்குத்தான், விவசாயிகளுக்கு இல்லை.

தோட்டா வாங்கக் கிளம்பும் முன் குழலைத் திருப்பி முத்திரையைப் பாருங்கள். எண் புரியவில்லை என்றால், மெக்கானிக் பார்த்துச் சொல்லும்வரை துப்பாக்கி சும்மா இருக்கட்டும்.