எடை மிஷின் முள் நின்றுவிட்டதா? பயம் வேண்டாம்!

மூங்கில்துறைப்பட்டு!

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், தென்பெண்ணை ஆற்றங்கரையில் இருக்கும் ஊர். கூட்டுறவு சர்க்கரை ஆலை இருப்பதால் சுற்று வட்டாரத்தில் இந்த ஊரைத் தெரியாதவர்கள் கிடையாது.

எடை பற்றி இந்த ஊர்க்காரர்களுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியது இல்லை. வெட்டிய கரும்பு ஆலை வாசலில் இரண்டு நாள் வெயிலில் கிடந்தால் எடை குறைந்துவிடும். முதலில் குறைவது எது? கரும்பில் உள்ள தண்ணீர்!

மனித உடம்பிலும் ஏறக்குறைய இதே கதைதான். உடல் பருமனைக் குறைக்க ஆபரேஷன் செய்துகொள்கிறவர்கள் இதை முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாததால் வீட்டில் சண்டை வருகிறது. சில சமயம் உயிருக்கே ஆபத்து வருகிறது!

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வீட்டு அம்மாளின் எடை 115 கிலோ. சர்க்கரை வியாதி வேறு. நகையை அடகு வைத்து, சென்னைக்குப் போய் ஆபரேஷன் செய்துகொண்டு வருகிறார். இரண்டே வாரத்தில் 7 கிலோ குறைகிறது. எல்லோருக்கும் சந்தோஷம்.

மூன்றாவது வாரம், முள் நகரவில்லை. நான்காவது வாரமும் அப்படியே!

"இவ்வளவு பணத்தைக் கொட்டி என்ன பலன்?" என்கிறார் மாமியார். "யாருக்கும் தெரியாமல் தின்கிறாயா?" என்று கேட்கிறார் கணவர். மனம் உடைந்த அந்த அம்மாள், இருக்கிற கொஞ்ச நஞ்சச் சாப்பாட்டையும் நிறுத்திவிடுகிறார்.

இதுதான் பெரிய தவறு.

வயிற்றில் என்ன செய்கிறார்கள்?

இந்த ஆபரேஷனில் இரண்டு வகை அதிகம் நடக்கிறது. ஒன்றில், இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிச்சம் இருப்பது வாழைக்காய் போல ஒரு குழாய். இன்னொன்றில், இரைப்பையின் மேல் பகுதியைச் சின்னப் பையாகப் பிரித்து, அதைக் குடலின் கீழ்ப்பகுதியோடு இணைத்துவிடுகிறார்கள். இந்த இரண்டாவது வகையை 1966-ல் அமெரிக்காவில் எட்வர்ட் மேசன் என்ற டாக்டர் தொடங்கி வைத்தார்.

இரைப்பையின் மேல் பகுதியில் பசியைத் தூண்டும் ஒரு பொருள் சுரக்கிறது. அதன் பெயர் கிரெலின். 1999-ல் ஜப்பான் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். முதல் வகை ஆபரேஷனில் அந்தப் பகுதியும் வெளியே போய்விடுவதால் பசியும் குறைகிறது.

இத்தனையும் செய்தபிறகு எடை ஏன் நிற்கிறது?

நம் உடம்பு கல்லீரலிலும் தசையிலும் கொஞ்சம் மாவுச்சத்தைச் சேர்த்து வைத்திருக்கிறது. அதில் 1 கிராமுக்குச் சுமார் 3 கிராம் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும். சாப்பாடு குறைந்ததும் இந்தச் சேமிப்பு முதலில் கரைகிறது. தண்ணீரும் போகிறது. முதல் இரண்டு வாரத்தில் மளமளவென்று இறங்கும் எடையில் பெரும்பங்கு இந்தத் தண்ணீர்தான். பிறகு உடம்பு கொஞ்சம் தண்ணீரைத் திரும்பப் பிடித்துக்கொள்ளும். உள்ளே கொழுப்பு கரைந்துகொண்டே இருக்கும். ஆனால் மிஷினில் தெரியாது! மூன்றாம் வாரத்தை ஒட்டி வரும் இந்தத் தேக்கம் பெரும்பாலும் தானாகவே விலகிவிடும்.

ஆறு மாதம், எட்டு மாதம் கழித்து வரும் தேக்கம் வேறு. தலையில் 30 கிலோ கரும்புக் கட்டோடு நடப்பவருக்கு எவ்வளவு சிரமம்! கட்டை இறக்கிவிட்டால் அதே தூரம் நடக்கக் குறைந்த சக்தி போதும். அதுபோல, 115 கிலோ உடம்பு 85 கிலோ ஆனபிறகு அதற்கு வேண்டிய தீனியும் குறைகிறது. அதோடு நில்லாமல், "பஞ்சம் வந்துவிட்டது" என்று நினைத்துக்கொண்டு உடம்பு செலவை இன்னும் சுருக்குகிறது. வரவு குறைந்தால் வீட்டுச் செலவைச் சுருக்கும் குடும்பத்தலைவியைப் போல!

இதற்கு ஒரு சான்று உண்டு. 1944-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 வாலிபர்களைச் சேர்த்து ஒரு சோதனை தொடங்கினார்கள். ஆறு மாதம் அவர்களுக்குப் பாதி வயிறுதான் சாப்பாடு. அவர்கள் எடையில் கால் பங்கு போயிற்று. ஆனால் சும்மா படுத்திருக்கும்போது உடம்பு செலவிடும் சக்தியும் சுமார் 40 சதவீதம் குறைந்துபோயிற்று! பட்டினி கிடந்தால் எடை விறுவிறுவென்று இறங்கும் என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பட்டினியில் தசையும் கரைகிறது. தசை குறைந்தால் செலவு இன்னும் குறையும். தலைமுடி கொட்டும். எழுந்து நடக்கவே தெம்பு இருக்காது.

அப்படியானால் என்ன செய்வது?

முதலில், தினமும் மிஷினில் ஏறுவதை விட்டுவிட வேண்டும். வாரம் ஒரு நாள், காலையில், ஒரே மிஷினில் பார்த்தால் போதும். தையல்காரர் நாடாவால் இடுப்பை அளந்து எழுதி வையுங்கள். முள் நகராத வாரத்திலும் இடுப்பு குறைந்திருக்கும். ஜாக்கெட் தளர்ந்திருக்கும்.

அடுத்தது, தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். தினம் குறைந்தது 60 கிராம் புரதச்சத்து தேவை என்பது டாக்டர்கள் வைத்திருக்கும் கணக்கு. ஒரு முட்டையில் 6 கிராம். 100 கிராம் மீனில் 20 கிராம் வரை கிடைக்கும். சாத்தனூர் அணை மீன் இந்தப் பக்கத்தில் பெயர் பெற்றது. அதைப் பொரித்துச் சாப்பிடாமல் குழம்பில் போட்டுச் சாப்பிட்டால் நல்லது! சைவக்காரர்களுக்குப் பருப்பு, சுண்டல், பயறு, தயிர், பன்னீர். வயிறு சிறியது என்பதால் இவற்றை முதலில் சாப்பிட வேண்டும். இடம் இருந்தால் பிறகு சோறு.

கல்வராயன் மலைச் சாமை அரிசி நல்ல உணவுதான். ஆனால் சாமைச் சோறும் சோறுதான். அளவில்லாமல் சாப்பிட்டால் எடை குறையாது.

கண்ணுக்குத் தெரியாத எதிரி ஒன்று இருக்கிறது. அது டம்ளரில் இருக்கிறது!

சுருங்கிய வயிற்றில் இரண்டு இட்லி போவதே கஷ்டம். ஆனால் கரும்புச் சாறு வழுக்கிக்கொண்டு போய்விடும். ஒரு டம்ளர் சாற்றில் சுமார் 30 கிராம் சர்க்கரை இருக்கிறது. ஒரு நாளைக்கு நான்கு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 160 கலோரி சத்தமில்லாமல் உள்ளே போகிறது. மரவள்ளி சிப்ஸ், முறுக்கு, மிக்ஸர் எல்லாம் இதே ஜாதிதான். வாயில் கரைந்து, வயிற்றில் தங்காமல் இறங்கிவிடும். சர்க்கரை ஆலை ஊரில் இதைச் சொல்வது கொஞ்சம் சங்கடம்தான். என்ன செய்வது!

நடை அவசியம். தினம் அரை மணி. டாக்டர் அனுமதித்தபிறகு, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது போன்ற தசைக்கு வேலை தரும் பயிற்சியும் வேண்டும். நடையை மட்டும் நம்பினால் தசை வளராது.

இவ்வளவும் செய்து, இரண்டு மூன்று மாதமாக எடை அசையவே இல்லை என்றால் ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போக வேண்டும். தைராய்டு காரணமாக இருக்கலாம். வேறு நோய்க்குச் சாப்பிடும் மாத்திரை காரணமாக இருக்கலாம். 2025-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த எடை குறைப்பு ஊசிகளும் உண்டு. அவற்றை டாக்டர் சொல்லித்தான் போட வேண்டும்.

எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் எடை நிலைத்து நிற்கத்தான் செய்யும். சுவீடன் நாட்டில் 1987-ல் தொடங்கி நடந்த பெரிய ஆராய்ச்சியில், குடலை இணைக்கும் ஆபரேஷன் செய்தவர்களுக்கு முதல் இரண்டு ஆண்டுக்குள் சராசரியாக 32 சதவீத எடை குறைந்தது. பத்தாண்டு கழித்துப் பார்த்தபோது குறைவு 25 சதவீதமாக இருந்தது. அதாவது, கொஞ்சம் திரும்பி வந்தது. ஆனாலும் அந்த ஆராய்ச்சியில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடையே, செய்யாதவர்களைவிட மரணம் குறைவு. 100 கிலோ ஆளை 50 கிலோ ஆக்குவது இந்த ஆபரேஷனின் வேலை அல்ல.

வாந்தி வந்தால்...

சத்து மாத்திரைகளை நிறுத்தக் கூடாது. குறிப்பாக வைட்டமின் பி-12, பி-1, இரும்பு, சுண்ணாம்புச் சத்து.

ஆபரேஷன் செய்தவருக்கு வாந்தி நிற்காமல் வந்தால், கால் மரத்துப்போனால், நடை தள்ளாடினால், பார்வை இரட்டையாகத் தெரிந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. பி-1 சத்து வற்றியதன் அடையாளமாக அது இருக்கலாம். மூளையையும் நரம்பையும் நிரந்தரமாகக் கெடுத்துவிடும். சென்னைக்குப் போகலாம் என்று நாள் பார்க்க வேண்டாம். கள்ளக்குறிச்சியிலேயே 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி திறந்திருக்கிறார்கள்.

போகும்போது ஆபரேஷன் சீட்டை மறக்காமல் கொண்டுபோய்க் காட்டுங்கள். வாந்தி என்றதும் குளுகோஸ் ஏற்றுவது வழக்கம். ஆனால் இவர்களுக்கு முதலில் பி-1 ஊசி போட்டுவிட்டுத்தான் குளுகோஸ் ஏற்ற வேண்டும்.