இளமையில் மறைந்த இசைவாணர்

வடாலாவை அடுத்த அன்டாப் ஹில் பகுதியில் மத்திய அரசு ஊழியர் குடியிருப்புகள் வரிசை வரிசையாக நிற்பதை மும்பைத் தமிழன்பர் பலரும் அறிவர். அவற்றுள் ஒன்றில் நாம் வாழ்கிறோம். நமக்கு மேல்மாடியில் கல்லூரியிற் பயிலும் இளைஞர் ஒருவர் இருக்கிறார். பெற்றோர் திருநெல்வேலிச் சீமையினர். அவரோ பிறந்தது முதல் இவ்வூர்த் தண்ணீரையே குடித்து வளர்ந்தவர். மாலை வேளைகளில் அவருடைய மின்கித்தாரின் ஓசை நம் வீட்டுக் கூரையைத் துளைத்துக்கொண்டு இறங்கும். முதலில் முறையிடுவதற்காக மாடி ஏறினோம். பிறகு பேசிக்கொண்டிருப்பதற்காகவும் ஏறலானோம்.

அவருடைய அறைச் சுவரில் ஆறு படங்கள் தொங்குகின்றன. பிரையன் ஜோன்ஸ், ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், ஜேனிஸ் ஜாப்ளின், ஜிம் மாரிசன், கர்ட் கோபேன், ஏமி வைன்ஹவுஸ். முதல்வர் இறந்தது 1969இல், அடுத்த இருவர் 1970இல், மாரிசன் 1971இல், கோபேன் 1994இல், வைன்ஹவுஸ் 2011இல். அறுவரும் மறைந்தது இருபத்தேழாம் வயதில். ராக் இசையை விரும்புவோர் இவர்களை ஒரு குழுவாகவே எண்ணி, அந்த எண்ணுக்கு ஒரு மந்திர சக்தி இருப்பதுபோற் பேசுவதுண்டு. "நம்மவர்களில் இப்படி யாராவது உண்டா, மாமா?" என்று அவர் கேட்டார். "செங்கோட்டை கிட்டப்பா இருக்கிறாரே" என்றோம். அப்பெயரை அவர் கேள்விப்பட்டதே இல்லை. அந்த உரையாடலே இக்கட்டுரைக்கு வித்து.

செங்கோட்டை கங்காதர ஐயர் கிட்டப்பா 1906ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் பிறந்தார். செங்கோட்டை அக்காலத்தில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. 1956இல்தான் நம் மாநிலத்தோடு இணைந்தது. வறிய குடும்பம். பாலப் பருவத்திலேயே நாடக மேடை ஏறியவர், கன்னையா கம்பெனியில் சேர்ந்தபின் பெரும் புகழ் அடைந்தார். ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. கொட்டகையின் கடைசி வரிசையில் மண்தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் எட்டுமாறு நடிகன் பாடவேண்டும். கிட்டப்பாவின் குரல் மேல் ஸ்தாயியில் சஞ்சரித்தபோதும் கம்மியதில்லை, கூசியதில்லை என்பர். அண்ணன் காசி ஐயர் ஆர்மோனியம் வாசிக்க, 'வள்ளி திருமணம்' நாடகத்தில் வேடனாக வந்து 'காயாத கானகத்தே' என்று அவர் எடுத்தால் கொட்டகை அடங்கிவிடும். இலங்கையில் நாடகமாடச் சென்றபோது கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளோடு மேடையிற் சேர்ந்தார். பின்னர் அவரையே மணந்தார். ஏற்கனவே மணமானவர் ஆதலால், அந்த வாழ்வு இடர் இன்றி நடந்ததெனச் சொல்ல முடியாது.

1933ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் அவர் மறைந்தார். நிறைந்த வயது இருபத்தேழு. நம் முன்னோர் நடக்கும் ஆண்டையும் சேர்த்து எண்ணுவர் ஆதலால், சில நூல்களில் இருபத்தெட்டு என்றும் காணப்படும்.

இந்தத் தேதியைச் சற்றே ஊன்றி நோக்கவேண்டும். முதல் தமிழ்ப் பேசும் படமாகிய 'காளிதாஸ்' வெளிவந்தது 1931இல். அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கியது 1938இல்; திருச்சி நிலையம் 1939இல். கிட்டப்பா பேசும் படம் எதிலும் நடித்தாரில்லை. அந்த நிலையங்கள் பிறக்குமுன்பே போய்விட்டார். இன்னும் ஐந்தாண்டு இருந்திருந்தால் ஒலிவாங்கியின் முன் அமர்ந்து அரை மணி நேரம் பாடியிருப்பார், நாம் கேட்டிருப்போம். இன்று அவரிடமிருந்து நமக்குக் கிடைப்பன சில புகைப்படங்களும் கிராமபோன் தட்டுகளுமே. அத்தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடமே ஓடும். விடிய விடிய நாடகம் பாடியவனின் கலையை மூன்று மூன்று நிமிடத் துண்டுகளாகவே நாம் அறிகிறோம்.

ஆயினும் அவர் மறக்கப்படவில்லை. காரணம் என்ன? இளமையில் இறந்தார் என்பது ஒன்றே காரணம் ஆகாது; அந்தக் காலத்தில் காய்ச்சலாலும் க்ஷயத்தாலும் இளமையில் இறந்த பாடகர் எத்தனையோ பேர். கிட்டப்பாவுக்குப் பின்னே சுந்தராம்பாள் இருந்தார். கணவரை இழந்தபோது அவருக்கு வயது இருபத்தைந்து. வெண்ணிற ஆடை பூண்டார். இனி எந்த ஆடவருக்கும் இணையாக நடிப்பதில்லை என்று உறுதி கொண்டார். 1935இல் 'நந்தனார்' படத்தில் நந்தனாராகவே வேடம் புனைந்து நடிக்க, ஒரு லட்ச ரூபாய் ஊதியம் பெற்றார். தயாரிப்பாளர் பின்வாங்கிவிடுவார் என்றெண்ணியே அத்தொகையைக் கேட்டார் என்றும் சொல்வர். 1953இல் 'ஔவையார்'. அப்போது வயது நாற்பத்தைந்துதான். வேடமோ கோலூன்றிய மூதாட்டி. கிட்டப்பா என்றும் இருபத்தேழில் நிற்க, சுந்தராம்பாள் அவருக்குப் பின் நாற்பத்தேழு ஆண்டு வாழ்ந்து 1980இல் மறைந்தார். அந்த வெண்ணிற ஆடையைக் கண்ட தமிழ் மக்கள் எவரும் கிட்டப்பாவை நினையாமல் இருந்திருக்க முடியாது. ஒரு பெண் தன் வாழ்நாள் முழுவதையும் நினைவுக் கல்லாக நிறுத்தினாள் என்று இதைப் புகழ்வோர் உண்டு. நமக்கு அப்புகழ்ச்சியில் முழு உடன்பாடு இல்லை. அவர் தம் சொந்தக் கலையாலேயே பெரியவர்.

ஆங்கிலத்தில் 'லெகஸி' என்றொரு சொல் உண்டு. கோப்புகளில் அது வரும்போதெல்லாம் நாம் 'மரபுரிமை' என்று எழுதி அனுப்பிவிடுகிறோம். மனத்துக்கு அது ஒவ்வுவதில்லை. நிலபுலன் பிரிப்பது போன்ற சொல் அது. வள்ளுவர் ஆண்ட 'எச்சம்' என்ற சொல்லே பொருத்தமானது: ஒருவர் போனபின் எஞ்சி நிற்பது. பள்ளியில் இலக்கணம் படித்த எவரும் அச்சொல்லின் மற்றொரு பொருளையும் அறிவர். 'வந்து' என்பது வினையெச்சம். அது தானாக முடியாது. வேறொரு வினைச்சொல் வந்து முடிக்கவேண்டும். முதுமை வரை வாழ்ந்த கலைஞன் தன் வாக்கியத்தைத் தானே முடித்துவிட்டுப் போகிறான். இளமையில் இறந்தவன் விட்டுச் செல்வதோ எச்சவினை. முடிப்பவர் மற்றவர்.

முடிப்பவர் இல்லையேல் என்னவாகும் என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஒரு சான்று. ராக் இசைக்கு வேராக நின்றது அந்நாட்டுக் கறுப்பின மக்களின் புளூஸ் இசை. அதில் வல்லவரான ராபர்ட் ஜான்சன் என்ற கித்தார்க் கலைஞர் 1936, 1937ஆம் ஆண்டுகளில் 29 பாட்டுகளைப் பதிவு செய்தார். 1938 ஆகஸ்டில் இருபத்தேழாம் வயதில் இறந்தார். அவ்வாண்டு டிசம்பரில் நியூயார்க் கார்னகி அரங்கில் நடக்கவிருந்த கச்சேரிக்கு அவரை அழைக்க ஜான் ஹாமண்ட் என்பவர் ஆளனுப்பித் தேடினார். ஆள் இல்லை என்று தெரிந்ததும், மேடையில் அவருடைய இசைத்தட்டுகளைச் சுழலவிட்டுக் கேட்கச் செய்தார். அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேல், தட்டுச் சேகரிப்போர் சிலரைத் தவிர அவரைப் பொதுமக்கள் அறியார். 1961இல் அத்தட்டுகளிலிருந்து ஒரு நெடுந்தட்டு வெளிவந்தது. எரிக் கிளாப்டன் போன்ற பிரிட்டிஷ் இளைஞர் அதைக் கேட்டுத் தம் வழியை அமைத்துக்கொண்டனர். சாவு அவருக்குப் புகழ் தரவில்லை. தட்டுகளை எறியாமல் வைத்திருந்தவர்கள் தந்தார்கள்.

முடிப்பவர் மிகுதியானாலும் தொல்லைதான். ஹெண்ட்ரிக்ஸ் தம் வாழ்நாளில் வெளியிட்ட கலையகத் தொகுப்புகள் மூன்றே. அவர் பெயரால் இறந்தபின் வந்தவற்றின் எண்ணிக்கை அதனினும் பன்மடங்கு. அவர் நிறைவுறாது வைத்த பதிவுகளுக்கு மற்றவர் வாத்திய இசை சேர்த்து வெளியிட்டதும் உண்டு. உரிமைகள் அவர் தந்தையின் கைக்கு மீண்டது 1995இல்தான். இறந்தவன் வாய் திறந்து 'இது வேண்டாம்' என்று சொல்ல முடியாது அன்றோ!

இருபத்தேழு என்ற எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரிட்டனில் முதலிடம் பெற்ற தொகுப்புகளை வெளியிட்ட 1,046 இசைவாணரின் வாழ்நாளை ஆராய்ந்தவர்கள், 2011இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் முடிவை வெளியிட்டனர். அவ்வயதுக்கெனத் தனி அபாயம் ஏதும் தென்படவில்லை. ஆனால் இருபதுகளிலும் முப்பதுகளிலும் அவர்கள் இறக்கும் அபாயம் பொதுமக்களுடையதைப் போல் இரண்டு மூன்று மடங்கு இருந்தது. மேல்மாடி இளைஞரிடம் நாம் அழுத்திச் சொன்னது இதைத்தான். எண்ணில் மாயம் இல்லை. போதைப்பொருளிலும் மதுவிலும் கவனிப்பாரற்ற மனத்துயரிலும் இருக்கிறது கேடு. படங்களைப் பார்த்துப் பார்த்துச் சாவையே கலையின் ஒரு பகுதி என்று இளையோர் எண்ணிவிடலாகாது.

இளமைச் சாவு ஒன்றை மட்டும் நிச்சயமாகச் செய்கிறது: வீழ்ச்சியைக் காட்டாமல் மறைக்கிறது. எம். கே. தியாகராஜ பாகவதரை நோக்குக. கிட்டப்பாவினும் நான்கே ஆண்டு இளையவர். 1944இல் 'ஹரிதாஸ்' வெளிவந்து ஆண்டுக்கணக்கில் ஓடியபோதே கொலை வழக்கில் சிறை புகுந்தார், 1947இல் விடுதலையாகி வந்து எடுத்த படங்கள் எடுபடவில்லை, 1959இல் மறைந்தார். அவரை நினைக்கும்போது பொற்காலத்தோடு அந்தப் பிற்காலமும் நினைவுக்கு வருகிறது. கிட்டப்பாவுக்குப் பிற்காலமே இல்லை. அதே 'ஹரிதாஸ்' படத்தில் நடித்த என். சி. வசந்தகோகிலம் 1951இல் முப்பத்திரண்டாம் வயதில் க்ஷய நோயால் மறைந்தார். கச்சேரி மேடையில் முன்னணியில் நின்ற குரல் அது. அவருக்குச் சுந்தராம்பாளைப் போல ஒருவர் வாய்க்கவில்லை. தட்டுகளே அவரைக் காத்தன. இன்றும் பழம்பாட்டு ரசிகர் கூடும் இடங்களில் அப்பெயரைச் சொன்னால் ஒரு கணம் பேச்சு நிற்கும்.

இனி நம் வீட்டுக் கதை. நம் பாட்டனார் சிறுவயதில் கிட்டப்பாவை நேரிற் கேட்டவர். பிழைப்புக்காகப் பம்பாய் வந்து துறைமுகக் கிடங்கொன்றில் கணக்கெழுதியவர், ஒரு தகரப் பெட்டி நிறைய அரக்குத் தட்டுகளைச் சேர்த்து வைத்திருந்தார். ஆண்டு ஏற ஏற அவர் கதையில் கிட்டப்பாவின் சுருதியும் ஏறிக்கொண்டே போயிற்று; இறுதியில் கொட்டகையின் கீற்றே நடுங்கியது என்றார். தட்டைச் சுழலவிட்டுக் கேட்டபோது குரல் அவர் சொன்ன அளவுக்கு உயரவில்லை. ஆனால் அவர் சொல்லாத ஒரு குழைவு அதில் இருந்தது. கதையைத் திருத்த அந்தத் தட்டு இருந்தது. பின்னொரு மழைக்காலத்தில் ஒரு குடியிருப்பிலிருந்து மற்றொன்றுக்கு வீடு மாறினோம். பெட்டி கனத்தது, துருப்பிடித்திருந்தது, தட்டை ஓட்டக் கருவியும் இல்லை. பழைய சாமான் வாங்கும் பங்கார்வாலாவிடம் எடைக்குப் போட்டுவிட்டோம். போட்டவர் நாமே. தந்தையார் மாலையில் வந்து வெற்றிடத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அதன்பின் வீட்டில் கிட்டப்பாவைப் பற்றி அவர் பேசியதே இல்லை.

மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும், டில்லியிலும் கல்கத்தாவிலும் பரண்களில் இத்தகைய பெட்டிகள் இன்னும் இருக்கலாம். அன்பர்கள் அவற்றைப் படுக்கையாக அடுக்காமல் நிமிர்த்தி வைக்கவேண்டும். வெயிலும் வெப்பமும் படலாகாது, வளைந்துவிடும். அழுக்கு நீக்க ஸ்பிரிட் இடுவது பெரும் பிழை. அரக்கு அதில் கரையும். நெடுந்தட்டுக்குரிய ஊசி இவற்றுக்கு உதவாது, பள்ளம் அகலமானது ஆதலால் தடித்த ஊசி வேண்டும். ஒலியைக் கணினியில் ஏற்றித் தருவோர் பெருநகரங்களில் உள்ளனர். ஏற்றியபின்னும் தட்டை எறியவேண்டாம்.

அந்த இளைஞருக்குக் கிட்டப்பாவின் 'எவரனி' என்ற தேவாமிர்தவர்ஷிணி ராகப் பாட்டைக் கைப்பேசியில் தேடிப் போட்டுக் காட்டினோம். தட்டின் இரைச்சல் முதலில் எழுந்தது. அவர் முகம் சுளித்தார். குரல் எழுந்தபின் கித்தாரை மடியில் எடுத்துவைத்துச் சுருதியைத் தேடலானார். இரண்டு முறை தப்பி, மூன்றாம் முறை பிடித்தார். மூன்று நிமிடமும் முடிந்தது.

"அவ்வளவுதானா, மாமா? இன்னும் பாடியிருப்பாரே" என்றார்.

தட்டில் இடம் அவ்வளவுதான் என்றோம். மறுமுறை போடச் சொன்னார்.