மைக்ரோவேவ் அடுப்பின் கதவு

மைக்ரோவேவ் அடுப்பைப் பற்றிய பயத்தில் பாதி அதன் கதவைப் பற்றியதுதான். உள்ளே எரியும் விளக்கு கண்ணாடி வழியே தெரிகிறதே, வெளிச்சம் வரும் வழியில் கதிர் வராதா?

கண்ணாடியை ஒட்டிப் பொடித்துளைகள் போட்ட உலோகத் தகடு ஒன்று இருக்கிறது. துளை ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். அடுப்புக்குள் இருக்கும் மேக்னட்ரான் என்னும் கருவி எழுப்பும் அலையோ 2.45 கிகாஹெர்ட்ஸ், அலைநீளம் சுமார் 12 செ.மீ. அதற்கு இந்தத் தகடு ஓட்டையே இல்லாத சுவர். ஒளியின் அலைநீளம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை, அதனால் அது தாராளமாக வெளியே வருகிறது.

கெட்டிக்காரத்தனமெல்லாம் கதவின் விளிம்பில். எவ்வளவு அழுத்தி மூடினாலும் அங்கே இடுக்கு இருக்கும். ஆகவே விளிம்பைச் சுற்றி, அலைநீளத்தில் கால் பங்குக்கு, ஏறக்குறைய 3 செ.மீ. தடம் கொண்ட பள்ளம் ஒன்றை வைக்கிறார்கள். இடுக்கில் நுழையும் அலை அதற்குள் போய்த் திரும்பும்போது தலைகீழாகி, பின்னால் வரும் அலையை அடக்கிவிடுகிறது. கதவைத் திறந்தாலோ சுவிட்சுகள் மேக்னட்ரானை நிறுத்திவிடும். ஒன்று பழுதானாலும் இன்னொன்று இருக்கும்.

இத்தனைக்குப் பிறகும் துளி கசியும். அமெரிக்க விதிப்படி, 5 செ.மீ. தூரத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட்டைத் தாண்டக் கூடாது. அரை மீட்டர் தள்ளி நின்றால் அதில் நூறில் ஒரு பங்குதான். செல்போனை உள்ளே வைத்து அழைத்து, மணி அடித்ததும் பதறுகிறவர்கள் உண்டு. வாட்டில் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் கீழான சமிக்ஞையே போனுக்குப் போதும். அது அடுப்பைச் சோதிக்கும் கருவி அல்ல.

எக்ஸ் கதிர்போல அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்க்கும் வலு இந்த அலைக்குக் கிடையாது, சூடாக்கத்தான் தெரியும். அதையும் லேசாக நினைக்க வேண்டாம். கண்வில்லையில் ரத்த ஓட்டம் இல்லாததால் சேரும் சூடு சட்டென்று வெளியேறாது. மிகுந்த அளவில் பட்டால் கண்புரை வரலாம். 2011இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை ரேடியோ அலைகளைப் ‘புற்றுநோய்க்கு வாய்ப்பு உண்டு’ என்னும் 2பி பிரிவில் வைத்தது. அதில் பேச்சு பெரும்பாலும் காதோடு ஒட்டிய செல்போனைப் பற்றியது. சோற்றுக்கற்றாழையின் முழு இலைச் சாறும் பின்னர் அதே பிரிவில் சேர்ந்தது. அதற்காக யாரும் போராடியதாகத் தெரியவில்லை.

சமையலறையில் காயம்படுவது பெரும்பாலும் சூட்டால்தான். வழவழப்பான கோப்பையில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். காபித்தூளைப் போட்டதும் பொங்கி முகத்தில் அடிக்கும். ஒரு மரக்கரண்டியைப் போட்டுச் சுடவைத்தால் பெரும்பாலும் இது நேராது. கதவு கோணியிருந்தால், கீல் தளர்ந்திருந்தால், பழுது பார்க்கும்வரை அடுப்பைப் போடாதீர்கள்.