பாடம் பண்ணிய பிராணிகள்

"பாடம்" என்ற சொல்லுக்கு நம் வீடுகளில் இரண்டு பொருள் வழங்குகிறது. பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயர் சொல்லிக் கொடுப்பது ஒன்று. புகையிலையையும் தோலையும் கெட்டுப் போகாமல் பதப்படுத்துவது மற்றொன்று. செத்த புலியை உயிருள்ள புலியைப் போல நிறுத்தி வைப்பதற்கும் பாடம் பண்ணுதல் என்றுதான் பெயர். "உபாத்தியாயர்கள் செய்வதும் அதே காரியந்தான், உயிரோடு வரும் குழந்தைகளுக்குள் வைக்கோலை அடைத்து வெளியே அனுப்புகிறீர்கள்" என்று என் நண்பர் ஒருவர் பரிகாசம் செய்வது வழக்கம். அந்த விவாதத்தை இங்கே எடுக்கப் போவதில்லை. நான் எழுத வந்தது இரண்டாவது வகைப் பாடத்தைப் பற்றி.

சில மாதங்களுக்கு முன், ஸ்ரீரங்கத்திலிருந்து இருபது மாணவர்களை அழைத்துக் கொண்டு, காவேரியைத் தாண்டி, மலைக்கோட்டைக்கு அருகில் உள்ள ராணி மங்கம்மாள் மகாலுக்குப் போயிருந்தேன். நாயக்க மன்னர்கள் கொலு வீற்றிருந்த அந்த மண்டபத்தில் இப்போது அரசாங்கக் காட்சிச்சாலை இருக்கிறது. திருச்சிக்கு இந்தக் காட்சிச்சாலை கிடைத்தது 1983-ல். கற்சிலைகளின் முன் நின்று நான் சொன்ன சரித்திரத்தை மாணவர்கள் மரியாதையாகக் கேட்டுக் கொண்டார்கள். பாடம் பண்ணிய பிராணிகளிடம் வந்ததும் மரியாதை பறந்து போயிற்று, கேள்விகள் பிறந்தன.

"இதற்கு உள்ளே என்ன ஸார் இருக்கிறது?" என்றான் ஒருவன்.

நியாயமான கேள்வி. உள்ளே பிராணி இல்லை. தோல் ஒன்றுதான் உண்மையானது. கண்கள் கண்ணாடி. உடம்பு என்று நாம் நினைப்பது கட்டையும் கம்பியும் வைக்கோலும், அல்லது களிமண் மாதிரியிலிருந்து வார்த்தெடுத்த கூடும். தோலை உரித்து, அதில் ஒட்டியிருக்கும் சதையையும் கொழுப்பையும் துளி விடாமல் சுரண்டி எடுத்து, உப்பும் படிக்காரமும் இட்டுப் பதப்படுத்தி, அந்தக் கூட்டின் மேல் போர்த்தித் தைத்து விடுகிறார்கள். கொழுப்பு சிறிது தங்கினாலும் சில வருஷங்களில் துர்நாற்றமும் வண்டும் வந்து சேரும்.

வண்டுதான் இந்தத் தொழிலின் பரம சத்துரு. உலர்ந்த தோலையும் இறகையும் தின்றே உயிர் வாழும் ஒரு சிறு வண்டு, காட்சிச்சாலை அலமாரிகளைத் தேடிப் பிடித்து வந்து விடுகிறது. நம் முன்னோர்கள் ஏட்டுச் சுவடிகளுக்கு இடையே வசம்பு வைத்த காரணமும் இப்படிப்பட்ட பூச்சிகள்தாம். பிரான்ஸ் தேசத்து மெட்ஸ் நகரில் பெக்கூர் என்ற மருந்துக் கடைக்காரர் 18-ஆம் நூற்றாண்டில் இதற்கு ஒரு மாற்றுக் கண்டுபிடித்தார். பாஷாணத்தைச் சோப்புடன் கலந்து தோலின் உட்புறத்தில் பூசும் முறை அது. தாம் இருந்தவரை அதன் பக்குவத்தை அவர் யாருக்கும் வெளியிடவில்லை. வெளியான பிறகோ, உலகமெங்கும் அதையே கையாண்டார்கள். இன்றும் பழைய பறவைத் தோல்களை வெறுங்கையால் தொடலாகாது. பூசிய பாஷாணம் அப்படியே இருக்கிறது. என் மாணவர்களில் ஒருவன் சட்டென்று கையைச் சட்டையில் துடைத்துக் கொண்டான். அவன் தொட்டிருந்தது கண்ணாடியைத்தான்.

பாடம் பண்ணுவதில் நம் பக்கத்தில் பெரும் பெயர் எடுத்தவர்கள் மைசூர் வான் இஞ்சன் குடும்பத்தார். 1900-ஆம் ஆண்டை ஒட்டித் தொடங்கிய அவர்களுடைய தொழிற்கூடம் 1999-ல் மூடப்பட்டது. மகாராஜாக்களும் வெள்ளைக்காரப் பிரபுக்களும் சுட்ட பல்லாயிரம் புலிகளும் சிறுத்தைகளும் அங்கே போய், பல்லைக் காட்டும் தலைகளாகவும் தரைவிரிப்புகளாகவும் திரும்பின. வேலைப்பாட்டில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அவற்றால் விஞ்ஞானத்துக்குக் கிடைத்த லாபம் என்ன என்று கேட்டால், சுட்ட கைகளைப் பற்றித் தெரிந்த அளவுக்குப் புலிகளைப் பற்றித் தெரியவில்லை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆராய்ச்சிக்காகப் பாதுகாக்கும் பிராணிக்கு இந்த அலங்காரம் எதுவும் கிடையாது. பறவையானால், வயிற்றில் ஒரு கீறல் கீறித் தோலை உரித்து, மூளை நீக்கிய மண்டையோட்டையும் இறக்கை, கால் எலும்புகளையும் மட்டும் விட்டுவைத்து, உள்ளே பஞ்சை அடைத்துத் தைத்து, மல்லாக்கக் கிடத்திக் கால்களைச் சேர்த்துக் கட்டுகிறார்கள். கண்ணின் இடத்தில் பஞ்சு தெரியும். காலில் ஒரு சீட்டுத் தொங்கும். பிடித்த இடம், தேதி, பிடித்தவர் பெயர், ஆணா பெண்ணா, அளவுகள் எல்லாம் அதில் இருக்கும். பிறகு இழுப்பறைக்குள் போய் விடும். பார்க்க யாரும் சீட்டு வாங்கிக் கொண்டு வரப் போவதில்லை.

இழுப்பறையில் கிடப்பதால் என்ன பிரயோஜனம் என்று நேயர்கள் கேட்கலாம். நம் மேகமலையில் நடந்த ஒரு விருத்தாந்தத்தைச் சொல்கிறேன். 1948-ல் ஹட்டன் என்பவர் அங்கே ஒரு வௌவாலைப் பிடித்தார். அது பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் சேகரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சாதாரணமாகத் தோட்டங்களில் பழம் தின்னும் வௌவால் என்று எழுதி உள்ளே வைத்து விட்டார்கள். இருபத்துநான்கு வருஷங்கள் அது அங்கே கிடந்தது. தாய்லாந்து தேசத்து விஞ்ஞானி கிட்டி தொங்லோங்யா அதன் பற்களைக் கவனித்துப் பார்த்து, இது புதிய இனம் மட்டுமல்ல, புதிய பேரினமே என்று கண்டு, 1972-ல் சாலிம் அலியின் பெயரை அதற்குச் சூட்டினார். சீட்டில் இடம் எழுதியிருந்தபடியால், எந்த மலையில் போய்த் தேட வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. 1993-ல் தேடிப் போனவர்களுக்கு அந்த வௌவால் உயிரோடு அகப்பட்டது.

வௌவாலுக்குப் போட்ட பெயர் தவறு; அதனால் நஷ்டம் ஒன்றும் வரவில்லை. இடமும் தேதியும் தவறியிருந்தால் அதோடு கதை முடிந்திருக்கும். இதை நான் அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தத் தவற்றை நானே செய்திருக்கிறேன்.

இருபது வருஷங்களுக்கு முன், வேலைக்குப் புதிதாக வந்த சமயம். எங்கள் பள்ளிக்கூடத்து ஆய்வுக்கூட அலமாரியில் பதினாறு ஜாடிகள் இருந்தன. மீன், தவளை, நீர்ப்பாம்பு, ஓணான் என்று எல்லாம் மருந்து நீரில் மிதந்தன. வெகு காலத்துக்கு முன் அங்கே பணியாற்றிய ஓர் ஆசிரியர் சேர்த்தவை என்று கேள்வி. விடுமுறை தோறும் காவேரிக் கரையோடு அவர் மேற்கே போய் விடுவாராம். ஒகேனக்கல் வரையிலும் போனதுண்டாம். ஆண்டு விழாவுக்குச் சுவர்களுக்கு வெள்ளையடித்தார்கள். அலமாரியும் பார்வையாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பாதி வற்றிப் போயிருந்த ஆறு மீன் ஜாடிகளைக் காலி செய்து, மீன்களையெல்லாம் ஒரே பெரிய ஜாடியில் போட்டு, புதிய ஃபார்மலின் ஊற்றி, "காவேரி மீன்கள்" என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன். பழைய ஜாடிகளின் மேல் ஒட்டியிருந்த பழுப்பேறிய காகிதங்களை, ஜாடிகளோடு வெந்நீரில் ஊறப் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். விழாவுக்கு வந்த பெரியவர் ஒருவர் பாராட்டிவிட்டுப் போனார்.

சென்ற ஆண்டு என் பழைய மாணவர் ஒருவர் வந்தார். மீன்களைப் பற்றி ஆராய்ச்சி செய்து வருகிறார். அந்த ஜாடியைச் சிறு வயதில் பார்த்த ஞாபகத்தில், இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். பெருமையோடு எடுத்துக் காட்டினேன். வெகு நேரம் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். மீசையும் பெரிய செதில்களும் உள்ள ஒரு சாண் நீளக் கெண்டையைக் காட்டி, "இது மாஸீர் ஜாதி, ஸார். எங்கே பிடித்தது? எந்த வருஷம்?" என்றார்.

மாஸீர் என்பது வேகமான நீரோட்டத்தில் வாழும் பெருங்கெண்டை. காவேரியில் முதுகு திமிலிட்டு, துடுப்புகள் செம்மஞ்சளாக இருக்கும் ஒரு மாஸீர் உண்டு. 1946-ல், மேலே சொன்ன வான் இஞ்சன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரே, காவேரியின் உபநதியான கபினியில் 120 ராத்தல் எடையுள்ள ஒன்றைத் தூண்டிலில் பிடித்தார். தூண்டில்காரர்களின் உலகத்தில் அவ்வளவு கீர்த்தி பெற்ற மீனுக்கு, 2018 வரையில் விஞ்ஞானத்தில் நிலையான பெயர் கிடையாது! பிடித்தார்கள், பக்கத்தில் நின்று புகைப்படம் எடுத்துக் கொண்டார்கள், முறைப்படி பாதுகாத்து, சீட்டெழுதி, பிறர் ஒப்பிட்டுப் பார்க்கும்படி வைத்தவர்கள் இல்லை. கடைசியில் மோயாற்றில் கிடைத்த மீன்களைக் கொண்டு ஒரு ஆராய்ச்சிக் குழுவினர் விஷயத்தைத் தீர்த்தார்கள். காவேரியைச் சேர்ந்த பாம்பாற்றின் சிறு மீன்களை வைத்துக் கேரளத்து விஞ்ஞானிகள் 2007-ல் விவரித்த இனமும் இதுவும் ஒன்றே என்று தெரிந்தது. பெயர் கிடைத்த 2018-லேயே, அடியோடு அழியும் அபாயத்தில் உள்ள பிராணிகளின் உலகப் பட்டியலில் அது இடம் பெற்றது. இதற்கிடையில், 1970-களிலிருந்து வெளிப் பிரதேசத்து நீலத் துடுப்பு மாஸீரின் குஞ்சுகளைக் காவேரியில் கொண்டு வந்து விட்டிருக்கிறார்கள். இப்போது ஆற்றில் அதுவே மிகுதி.

ஆகையால் என் ஜாடியில் இருந்த மீன் எந்த வருஷத்தது, எந்தத் துறையில் பிடித்தது என்று தெரிந்தால், நம் பக்கத்துக் காவேரியில் சொந்த மீன் எது வரையில் இறங்கி வந்தது என்பதற்கு அது ஒரு சாட்சியாக இருந்திருக்கும். ஃபார்மலினில் கிடந்தபடியால் அதன் டி.என்.ஏ.யைப் படிப்பதும் கஷ்டமாகி விட்டது. தூய சாராயத்தில் வைத்திருந்தால் அதற்காவது வழி இருந்திருக்கும். மாணவர் என்னைக் குறை சொல்லவில்லை. "பரவாயில்லை ஸார்" என்றார். அந்த வார்த்தை அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை.

தரங்கம்பாடியில் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இருந்த ஜான் என்ற பாதிரியார், நம் கரையோர மீன்களைப் பதப்படுத்தி, பெர்லினில் பிளாக் என்ற வைத்தியருக்குக் கப்பலில் அனுப்பி வந்தார். கடையில் நாம் பேரம் பேசி வாங்கும் விராலுக்கும் குரவைக்கும் 1793-ல் விஞ்ஞானப் பெயர் இட்டவர் அந்தப் பிளாக்தான். ஜானின் பெயர் ஒரு மீன் பேரினத்துக்கும், நம் வயல்வெளி மண்ணுளிப் பாம்புக்கும் நிலைத்து விட்டது. பிளாக் சேர்த்த மீன்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை இன்றும் பெர்லின் காட்சிச்சாலையில் இருக்கின்றன. நம் நாட்டு மீனின் முதற்பிரதியைப் பார்க்க நாம் ஜெர்மனிக்குப் போக வேண்டியிருக்கிறதே என்று ஒரு காலத்தில் மேடையில் நானும் ஆவேசமாகப் பேசியிருக்கிறேன். இருநூறு வருஷங்களுக்கு மேல் அவர்கள் காப்பாற்றி வைத்ததை, நான் ஒரு பிற்பகலில் வெந்நீரில் கழுவினேன் என்பதை நினைக்கும்போது குரல் சற்றுத் தணிகிறது.

இதைப் படித்துவிட்டு மாணவர்கள் யாரும் வலையும் கத்தியுமாகக் கிளம்பி விடக் கூடாது. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பல பிராணிகளையும், சில வண்ணத்துப்பூச்சிகளையுங்கூட, அனுமதியின்றிப் பிடிப்பதும் தோல் எலும்பு வைத்திருப்பதும் குற்றம். சட்டம் நல்லதே. ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே மேலூரில் 2015 முதல் இருக்கும் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குப் போனால், ஊசியில் குத்தாமலே அவற்றைப் பார்க்கலாம். இடமும் தேதியும் குறித்துப் புகைப்படமும் எடுக்கலாம். கல்லூரிகளில் பிராணிகளை அறுத்துப் பார்ப்பதை நிறுத்தும்படி பல்கலைக்கழக மானியக் குழுவும் 2014-ல் சொல்லிவிட்டது. புதிய ஜாடிகள் இனி அதிகமாக வரப் போவதில்லை. அதனாலேயே பழைய ஜாடிகள் மேல் எனக்கு இவ்வளவு கவலை. நம் ஜில்லாவில் எத்தனை பள்ளிக்கூடத்து அலமாரிகளில் அவை வற்றிக் கொண்டிருக்கின்றனவோ!

அப்படி ஒரு ஜாடி உங்கள் பொறுப்பில் இருந்தால், முதலில் அதில் என்ன எழுதியிருக்கிறதோ அதை எழுத்துக்கு எழுத்துப் பார்த்தெழுதிக் கொள்ளுங்கள். தவறு என்று தோன்றினாலும் திருத்த வேண்டாம். புதிய சீட்டைக் கெட்டிக் காகிதத்தில் பென்சிலால் எழுதி, ஜாடிக்கு உள்ளே, திரவத்துக்குள்ளேயே போட்டு விடுங்கள். பேனா மை கரைந்து விடும். பென்சில் எழுத்து கரையாது. வெளியே ஒட்டுவது வெள்ளையடிப்புக்குத் தப்பாது. திரவம் குறைந்திருந்தால், உள்ளே இருப்பது ஃபார்மலினா சாராயமா என்று தெரிந்தவரைக் கேட்காமல் எதையும் ஊற்றாதீர்கள். ஃபார்மலின் கண்ணையும் மூச்சையும் வருத்தும். ஜன்னல்களைத் திறந்து வைத்துக் கொண்டு பெரியவர்கள்தாம் அதைத் தொட வேண்டும். ஒரு ஜாடியில் இருப்பதை இன்னொரு ஜாடியில் கலப்பதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் அலமாரியில் தீண்டப்படாமல் மிஞ்சிய பத்து ஜாடிகளில் ஏழுக்குப் பழைய எழுத்து இன்னும் படிக்கும்படியாக இருந்தது. காட்சிச்சாலைக்குப் போய் வந்த மாணவர்களே அவற்றைப் பெரிய நோட்டுப் புத்தகத்தில் பதிந்தார்கள். ஒரு நீர்ப்பாம்பின் சீட்டில் "முக்கொம்பு, மதகுக்குக் கீழே" என்று இருந்ததைப் படித்தபோது, அந்த ஆசிரியரே எதிரில் வந்து நின்றாற்போல் இருந்தது.

கடைசியில் "காவேரி மீன்கள்" ஜாடியின் முறை வந்தது. மீனுக்கு ஒரு சீட்டு வீதம் எழுதினார்கள். இடம் என்பதற்கு எதிரே ஒரு கோடு. தேதிக்கு எதிரே ஒரு கோடு. சேகரித்தவர் பெயருக்கு எதிரேயும் கோடு போட வேண்டியதாயிற்று. எழுதிக் கொண்டிருந்த பெண் சிறிது யோசித்தாள்.

"ஸார், இதற்குக் கீழே இன்னொரு வரி சேர்க்கலாமா?"

"என்ன வரி அம்மா?"

"கலந்தவர் என்று ஒன்று. அதற்காவது பெயர் தெரியுமே!"

சேர்க்கச் சொன்னேன். என் பெயரை அழகான கையெழுத்தில், பென்சிலால், ஆறு சீட்டுகளில் எழுதி உள்ளே போட்டிருக்கிறாள்.